பதில் வராத தறி

1

“யாருப்பா குமார்?”

என் மகள் யாழினி இதைக் கேட்டது 2009 செப்டம்பர் முதல் புதன்கிழமை, மாலை ஆறே கால் மணி. இடம், நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் எங்கள் வீட்டுக் கூடம். அன்று எங்கள் எட்டாவது திருமண நாள்.

யாழினிக்கு ஏழு வயது. தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கனவு காண்பது டச்சில்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் கண்ணில் படும் தமிழை விடுவதில்லை. ஆரணியிலிருந்து வரும் நாள்காட்டித் தாள், ஊறுகாய் பாட்டிலின் மேல்சீட்டு என்று எல்லாவற்றையும் உரக்கப் படிப்பாள். அன்று அவளுக்கு அகப்பட்டது அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலை. முந்தியின் ஒரு ஓரத்தில் ஜரிகையால் ‘கலைவாணி’ என்று நெய்திருக்கும். என் மனைவியின் பெயர் அது. மறு ஓரத்தில் ‘குமார்’ என்று நெய்திருக்கும்.

என் பெயர் பரசுராமன்.

ஒவ்வொரு திருமண நாளிலும் கலைவாணி அந்தச் சேலையைத்தான் கட்டுவாள். குமார் இருக்கும் ஓரத்தை உள்மடிப்பில் வைத்து ஊக்கு குத்திவிடுவாள். அன்று ஊக்கு கழன்றிருந்தது.

“அது உங்கப்பா பண்ண தப்பு கண்ணு,” என்றாள் கலைவாணி. “எல்லாரும் தப்பு பண்ணா அழிச்சிடுவாங்க. இவரு ஜரிகை போட்டு நெய்ய வெச்சாரு.”

“என்ன தப்பு? சொல்லுப்பா.”

சொல்ல ஆரம்பித்தேன். பாதிக் கதைக்கு வந்திருந்தேன். அதே தப்பை முந்தின நாள் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இன்னொரு முறை செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

2

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் “கம்ப்யூட்டர்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். அவர்களுக்கும் அது போதும். இந்த முறை மட்டும் மூன்று பத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலை செய்யும் நிறுவனம் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் அனுப்புவது. பள்ளிகள் இணையத்தில் ஆர்டர் கொடுக்கும். அந்த ஆர்டர்கள் எல்லாம் இதுவரை ஒரே பெரிய இயந்திரத்தில் இருந்தன. இந்த ஜூன் மாதம் அது நெரிசல் தாங்காமல் மூன்று முறை படுத்துவிட்டது. அதனால் ஆர்டர்களை ஒன்பது சிறிய இயந்திரங்களில் பரப்பி வைக்கும் புதுவகைத் தரவுத்தளத்துக்கு மாறுவதென்று முடிவாயிற்று. ஒவ்வொரு ஆர்டரும் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்றவை நடக்கும்.

ஒன்பது இயந்திரங்களோடு நம் நிரல் நேராகப் பேச முடியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். கேள்வியை வாங்கிக்கொண்டு, எந்த இயந்திரத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்து, போய்ப் பதில் வாங்கிவர வேண்டும். அந்த நடு ஆளுக்குத்தான் கிளையன்ட் லைப்ரரி என்று பெயர். தரவுத்தளமே புதிது என்பதால் உலகத்தின் பல மூலைகளில் யார் யாரோ ஆர்வத்தில் எழுதிப்போட்ட லைப்ரரிகள் பல இருந்தன. எல்லாம் முக்கால் பங்கு முடிந்தவை. நான்கு வாரம் பரிசோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது என் பொறுப்பு.

கடைசியில் இரண்டு மிஞ்சின. முதலாவது இனிமையானது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பல ஆண்டுகளாகப் பழகிய வினவல் மொழியிலேயே, கிட்டத்தட்ட வாக்கியம் போல, “இந்தப் பள்ளியின் ஜூன் மாத ஆர்டர்களைக் கொடு” என்று கேட்கலாம். ஓர் இயந்திரம் பதில் பேசாவிட்டால் நம்மைத் தொந்தரவு செய்யாமல் அதுவே அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். இரண்டாவது வறட்டு ஆசாமி. எந்தச் சாவி, எந்தக் கட்டம், எத்தனை இயந்திரம் ஒப்புக்கொண்டால் போதும் என்று எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டுச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் “பதில் வரவில்லை” என்று நம் தலையில் போட்டுவிட்டு நின்றுவிடும்.

எனக்கு எதிர் மேசைக்காரர் யோஸ்ட். அவருக்கு இரண்டாவதுதான் பிடித்தது. “முதலாவது அளவுக்கு மீறிச் சிரிக்கிறது. எனக்கு அது சந்தேகம்,” என்பார். நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, முதலாவதைப் பரிந்துரைத்து ஆறு பக்க அறிக்கை அனுப்பினேன். எங்கள் தலைவி மாரீகேவிடமிருந்து பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது: “தெளிவாக இருக்கிறது. மேலே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்குங்கள்.”

அந்த அறிக்கையில்தான் எங்கள் குடும்பமே உட்கார்ந்திருந்தது. என்னுடையது ஓராண்டு ஒப்பந்தம். செப்டம்பர் கடைசி நாளோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதை இந்த வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று மாரீகே என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இங்கே அப்படித்தான் பேசுவார்கள். வேலை இல்லையென்றால் தங்கும் அனுமதியும் இல்லை. யாழினி மூன்றாவது வாரமாகத்தான் புது வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அனுமதி வாங்கிய கதையே தனி. வந்த புதிதில் நகராட்சியில் ‘அரை ஒன்பது’ மணிக்கு வரச் சொன்னார்கள். நாளையும் நேரத்தையும் குறித்துவைப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒன்பதரைக்குச் சரியாகப் போய் நின்றேன். டச்சுக்காரர்களின் அரை ஒன்பது என்பது எட்டரை. ஒரு மணி நேரம் தாமதம், ஆறு வாரம் கழித்து அடுத்த முறை. நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

3

இனி 1998, ஆடி மாதம், ஆரணி.

பட்டப்படிப்பு முடித்துவிட்டுத் தணிகாசலம் மாமாவின் பட்டுக் கடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது தறி ஓடியது. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் வீட்டில். நிறம், கரை, முந்தி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, பூவும் எழுத்தும் விழுவதற்கான துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளோடு கட்டிக் கொடுப்பேன். ஏழுமலை அதை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. என்னைவிட வேகம், என்னைவிட மறதி.

மாமா கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பாவு, அதாவது நெடுக்கு நூல், தறியில் ஏறியதும் நெசவாளர் அதிலிருந்து ஒரு சாண் நூலை நறுக்கி ஏழுமலையிடம் கொடுத்தனுப்புவார். கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஓர் ஆர்டருக்கு ஓர் ஆணி. நூல் தொங்கினால் வேலை ஏறிவிட்டது. ஆணி வெறுமையாக இருந்தால் இல்லை. இதற்கு மேல் கணக்கு வழக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஆடி இரண்டாவது வாரம் வேலூரிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. முகூர்த்தம் ஆவணியில். முந்தியில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வர வேண்டும்: கலைவாணி, குமார். சீட்டு எழுதினேன். எழுத்துகளுக்குத் தனியாக அட்டை வெட்டி, தேவிகாபுரத்தில் முனுசாமி அண்ணன் தறிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை நூல் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை நூல் வரவில்லை. ஏழுமலையும் வரவில்லை. சனி, ஞாயிறு போயிற்று. தேவிகாபுரத்தில் போன் இருந்தது ஒரு மளிகைக் கடையில். மழையில் அந்த லைன் செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை காலை வெற்று ஆணியைப் பார்த்தேன். அதே ஆர்டருக்கு இன்னொரு சீட்டு எழுதி, இன்னொரு செட்டு அட்டை வெட்ட வைத்து, வேறு ஆளிடம் பஸ்ஸில் ஒண்ணுபுரத்துக்கு, வேறு தறிக்கு அனுப்பினேன். பேரேட்டில் முனுசாமி பெயரை அடித்தேன். அடித்ததை அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. மூன்று நாளில் ஒண்ணுபுரத்து நூல் வந்தது. ஆணியில் மாட்டினேன். நிம்மதி.

ஆவணி பிறந்து நான்காவது நாள், ஒரே காலையில், ஒரு மணி நேர இடைவெளியில், இரண்டு பேர் இரண்டு சேலையோடு வந்தார்கள். இரண்டும் அரக்கு. இரண்டிலும் கலைவாணி, இரண்டிலும் குமார்.

மாமா இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஆத்திரப்படுவாரென்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

“இன்னாடா பரசு, பொண்ணு ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் மாமா.”

“குமாரு?”

“அவரும் ஒண்ணுதான்.”

“அப்ப இந்த இன்னொரு குமார நான் எங்க போய்த் தேடறது? ஏம்பா, கடைக்கு வெளிய ஒரு போர்டு எழுதிப் போடுங்க. கலைவாணின்னு பொண்டாட்டி இருக்கிற குமாருங்க எல்லாம் வரலாம்னு.”

கடையே சிரித்தது. நான் தவிர. ஒரு சேலை வேலூருக்குப் போயிற்று. இன்னொன்று மூன்று வருடம் அலமாரியில் கிடந்தது. ஆணிப் பலகையும் மாறியது. அதிலிருந்து எந்தச் சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. நூல் வராவிட்டால் அதே எண்ணோடு, அதே தறிக்குத்தான் மறுபடி சீட்டு போக வேண்டும். பார்த்ததும் நெசவாளர் “இது ஏறிடுச்சுப்பா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

2001இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். அதற்குள் நான் கணினிப் படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குப் போயிருந்தேன். ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து வந்த ஜாதகத்தில் பெண்ணின் பெயரைப் படித்துவிட்டு மாமா கண்ணாடியைக் கழற்றினார். “சேலை ரெடியா கீதுடா,” என்றார். பெண் வீட்டில் முழுக் கதையையும் அவரே சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க, கலைவாணி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: “பேரு பாதி சரியாத்தானே இருக்குது. மீதிய நான் மடிச்சு சொருகிக்கறேன்.”

4

வியாழக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கே அலுவலகம் போனேன். சோதனைக்கு வைத்திருந்த மூன்று இயந்திரங்களைக் கிளப்பினேன். நான்கு வாரம் நான் செய்த சோதனைகளில் இயந்திரத்தைக் கேள்வி போகும் முன்பே நிறுத்திவிடுவேன். அன்று வேறு மாதிரி செய்தேன். ‘முப்பது கணக்குப் புத்தகம்’ என்ற ஆர்டர் போய்ச் சேர்ந்து, இயந்திரம் அதை எழுதி முடித்து, “ஆயிற்று” என்ற பதிலைத் தருவதற்குள் கம்பியைப் பிடுங்கினேன். அதாவது, பாவு ஏறிவிட்டது, நூல் மட்டும் வரவில்லை.

இனிமையான லைப்ரரி ஒரு கணம் காத்திருந்தது. பிறகு சத்தமில்லாமல் அடுத்த இயந்திரத்துக்குப் போய் அதே ஆர்டரைப் புது ஆர்டராகக் கொடுத்தது. என்னிடம் “ஆயிற்று” என்றது. கம்பியை மீண்டும் செருகிவிட்டு எண்ணிப் பார்த்தேன். அறுபது கணக்குப் புத்தகம்.

ஐந்து முறை செய்தேன். நான்கு முறை அறுபது. ஒரு முறை கம்பியைப் பிடுங்குவதில் எனக்குக் கொஞ்சம் தாமதம், அதற்குள் பதில் வந்துவிட்டது, முப்பதுதான்.

யோஸ்ட் காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். “என்ன, உங்கள் காதலி அழகாகப் பொய் சொல்கிறாளா?”

“பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியவில்லை.”

“அப்படியானால் இன்னும் மோசம்,” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இரண்டாவது லைப்ரரியையும் அதே பாடு படுத்தினேன். “பதில் வரவில்லை” என்று நின்றுவிட்டது. அந்தச் செய்தியை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். ‘நடக்கவில்லை’ என்று அது சொல்லவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னது. அந்தத் திங்கட்கிழமை வெற்று ஆணி சொன்னதும் அவ்வளவுதான். மீதியை நானாகப் படித்துக்கொண்டேன்.

மதிய இடைவேளையில் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவன் இப்போது ஆரணியில் வேன் ஓட்டுகிறான். எனக்கு ஒரு விவரம் சரிபார்க்க வேண்டியிருந்தது.

“ஏழுமல, முனுசாமி அண்ணன் நூல் குடுத்தது எந்தக் கிழமை?”

“ஐய, பதினோரு வருஷமா இந்த நூலுக்கே என்னைப் போட்டு வறுக்கிறியே பரசு. பேஜாரா கீது.”

“சண்டை இல்லப்பா. கிழமை மட்டும் சொல்லு.”

“வெள்ளிக்கெழமதான். படவேட்ல ரேணுகாம்பாளுக்குக் கூழு ஊத்தறாங்கன்னு மாமியார் வீட்ல கூப்ட்டாங்க. நூல பாக்கெட்ல போட்டுகினு அப்டியே போயிட்டேன். வண்டி வேற அங்க ரிப்பேரு. திரும்ப வர்றதுக்கு பஸ்ஸே இல்ல. ஒரு வாரம் மாட்டிகினேன்.”

“நூல் இன்னா ஆச்சு?”

“என் பொண்டாட்டி சட்டைய தொவைக்கப் போட்டுட்டா. நூல் எங்க போச்சுன்னே தெரியல. பயந்துகினுதான் கடைக்கு வந்தேன். வந்து பாத்தா ஆணில அரக்கு நூலு தொங்கிகினு இருக்குது. சரி, அண்ணனே வேற யார் கையிலயோ குடுத்து அனுப்பிட்டாரு போலன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஜல்தி ஜல்தின்னு ரெண்டாவது சீட்டு எழுதினது யாரு, நானா?”

“நான்தான்.”

“அப்புறம் இன்னா. தேவிகாபுரத்துக்கு மறுக்கா ஒரு ஆள வுட்டு, ஏறிச்சா இல்லியான்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்கறதுக்கு எத்தினி வாட்டி வேணா போலாம் பரசு. நெய்யச் சொல்றதுக்குத்தான் ஒரு வாட்டி.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆனா ஒண்ணு. என்னாலதான் உனக்குப் பொண்டாட்டி கெடச்சா. மறந்துடாத,” என்றான்.

கேட்பது எத்தனை முறையும், நெய்யச் சொல்வது ஒரு முறை என்று அவன் பேசிய இரண்டு வாக்கியங்களை அங்கேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

5

அன்று மாலை கலைவாணியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“செவ்வாய்க்கிழமை ஒண்ணு எழுதிட்டு வெள்ளிக்கிழமை அதுக்கு நேர் எதிரா சொன்னா, இந்த ஆளை நம்பி நிரந்தரமா வெச்சிக்கலாமான்னு தோணும். மாரீகே மேலயும் சொல்லிட்டாங்க. பேசாம இருந்தா இப்ப யாருக்கும் தெரியாது. அடுத்த ஜூன் மாசம், பள்ளிக்கூட ஆர்டர் எல்லாம் ஒண்ணா வரும்போதுதான் தெரியும்.”

“அதுக்குள்ள நிரந்தரம் ஆயிடும்?”

“ஆயிடும்.”

“ஆனதுக்கப்புறம், ஜூன் மாசம்?”

நறுக்கிய வெங்காயத்தை எடுத்துச் சட்டியில் போட்டேன்.

“இன்னாங்க நீங்க. ஒரு குமாருக்கே எட்டு வருஷமா ஊக்கு வாங்கி மாளல எனக்கு. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு குமார உட்டுட்டு வரப் போறீங்களா? போய்ச் சொல்லுங்க. அவங்க போன்னு சொன்னா சேத்துப்பட்டுக்கு டிக்கெட்டு போடுங்க. யாழினிக்குப் புதுசா ஒரு பள்ளிக்கூடம் பாத்துக்கலாம்.”

வெள்ளிக்கிழமை காலை அவளே அந்தச் சேலையை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

கூட்டத்தில் எட்டுப் பேர். சோதனை முடிவைக் காட்டினேன். முப்பது, அறுபது. மாரீகே பேனாவை மேசையில் வைத்தார்.

“அப்படியானால் செவ்வாய்க்கிழமை நீங்கள் எழுதியது தவறு.”

“தவறு.”

“வேறு யாராவது கண்டுபிடித்தார்களா?”

“இல்லை. என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.”

சேலையை எடுத்து மேசை நீளத்துக்கு விரித்தேன். எல்லோரும் காப்பிக் கோப்பைகளை அவசரமாக நகர்த்தினார்கள். அது கலைவாணி, இது குமார், குமார் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றேன். ஆணிப் பலகை, கூழ், துவைத்த சட்டை என்று மூன்று நிமிடத்தில் கதையைச் சொன்னேன். யோஸ்ட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஏழுமலையின் வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். படிப்பதற்கு, அறிக்கைகளுக்கு, கேள்வி கேட்பதற்கு இனிமையான லைப்ரரி இருக்கட்டும். அதன் வினவல் மொழி எல்லோருக்கும் தெரியும், பதில் வராவிட்டால் பத்து முறை கேட்டாலும் நஷ்டமில்லை. ஆர்டர் எழுதுவதற்கு மட்டும் வறட்டு லைப்ரரி. ஒவ்வொரு ஆர்டரும் பள்ளியிலிருந்து கிளம்பும்போதே ஓர் எண்ணோடு கிளம்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி போக வேண்டும். ஏற்கெனவே எழுதியிருந்தால் அதன் மேலேயே எழுதப்படும், இரண்டாவது ஆர்டர் பிறக்காது.

“இரண்டு லைப்ரரியைப் பராமரிப்பது கூடுதல் வேலை,” என்றார் மாரீகே.

“ஆமாம்.”

“எவ்வளவு?”

“மூன்று வாரம்.”

“யோஸ்ட்?”

“நான்காவது வாரமும் தேவைப்படும். ஆனால் சரி,” என்றார் யோஸ்ட்.

மாரீகே சேலையைத் தொடலாமா என்று கேட்டார். குமார் என்ற எழுத்துகளின் மேல் விரலால் நடந்தார். மேலே தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டம் பத்து ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது.

6

செப்டம்பர் மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, தபாலில் ஒரு கனத்த உறை வந்தது. நிரந்தர ஒப்பந்தம். அன்றே கையெழுத்துப் போட்டு, தெரு முனைத் தபால் பெட்டியில் நானே போட்டேன். கலைவாணி பால் பாயசம் வைத்தாள். ஊருக்கு எல்லாம் போன் போயிற்று. ஏழுமலை தனக்கு ஒரு சட்டை வர வேண்டும் என்றான்.

அடுத்த வாரம் புதன்கிழமை அதே போல இன்னொரு கனத்த உறை. பிரித்தால் அதே ஒப்பந்தம், அதே பக்கங்கள், அதே மாரீகேவின் கையெழுத்து. மேலே ஒரு சிறு கடிதம்: எங்கள் முந்தைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அது தங்களை வந்தடையவில்லை என்று கருதி மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.

யாழினி இரண்டு உறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு ரெண்டு வேலையா?”

“இல்ல கண்ணு,” என்றாள் கலைவாணி. “ஒரே வேலைதான். உங்கப்பா அனுப்பின நூலு யார் பாக்கெட்லயோ இருக்குது.”

பேனாவை எடுத்தேன், வைத்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் ஒப்பந்தத்தின் மேல்மூலையில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். போன வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குப் பதில் அனுப்பியாயிற்று, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சிறிது நேரம் காகிதம் புரளும் சத்தம். “ஆமாம், இங்கே இருக்கிறது. வேறொரு மேசையில் கிடந்தது. அது போதும், புதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்,” என்றாள்.

இரண்டாவது ஒப்பந்தத்தைக் கலைவாணி வாங்கி, அரக்குச் சேலையின் மடிப்புக்குள், குமார் இருக்கும் பக்கமாகச் செருகி அலமாரியில் வைத்தாள். புது ஊக்கு ஒரு அட்டை வாங்கி வரச் சொன்னாள்.